பழுது பார்த்த வண்டி மீண்டும் பழுதானால் பொறுப்பாளி யார்?



நம் வியாபாரம் இன்று சக்கரத்தின் மீது நடக்கிறது. கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும் சரக்கு லாரி ஏறி வருகிறது. செலாயாங் மொத்தச் சந்தையில் விடியுமுன் வாங்கும் காய்கறி வேன் ஏறிக் கடைக்கு வந்து சேருகிறது. உணவுக்கடைக்காரரானாலும் மளிகைக்காரரானாலும் ஜவுளிக்காரரானாலும், வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வரவும் நின்றுவிடும். ஆகவே வண்டியைப் பழுது பார்ப்பவரை, முதல் போடாமலே நம் வியாபாரத்தில் சேர்ந்திருக்கும் ஒரு கூட்டாளி என்றே சொல்ல வேண்டும்.

செந்தூல் வாசிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் நாட்டு ரயில்வே தன் பெரிய பட்டறையை இங்கேதான் அமைத்தது. அந்தப் பட்டறையை ஒட்டியே இவ்வூர் வளர்ந்தது. தமிழ்க் குடும்பங்கள் பல அதன் சம்பளத்தில் தலைமுறைகளாக வாழ்ந்தன. 1945ஆம் ஆண்டில், ஜப்பானியர் ஆட்சியின் கடைசி மாதங்களில், அமெரிக்க விமானங்கள் அந்தப் பட்டறையின் மீது குண்டு வீசின. ஒரு நாட்டின் போக்குவரத்தை முடக்குவதற்கு ஓடும் வண்டிகளை ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க வேண்டாம், பழுது பார்க்கும் இடத்தை அழித்தால் போதும் என்பதை யுத்தம் நடத்தியவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த ரயில் பட்டறையின் காலம் முடிந்துவிட்டது. மோட்டார் பட்டறைகளுக்குக் குறைவில்லை. நம்மில் சிலர் அவற்றின் வாடிக்கைக்காரர்கள். சிலர் அவற்றின் முதலாளிகள். சிலர் அவற்றுக்கு உதிரிச் சாமான் விற்பவர்கள்.

பட்டறையிலிருந்து சரியாகிவிட்டது என்று வந்த வண்டி நாலாம் நாள் நடுவழியில் நின்றுவிட்டால் அங்கே ஒரு வழக்குப் பிறக்கிறது. பெரும்பாலும் உரத்த குரல் உள்ளவர் பக்கம் அது தீருகிறது, அல்லது எதிர்த்துப் பேச வழியில்லாத எளியவர் தலையில் விடிகிறது. இவ்விஷயத்தில் நியாயம் யாது என்பதை நம் மார்க்க அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்திருக்கிறார்கள். மோட்டார் வண்டி அவர்கள் காலத்தில் இல்லை. ஆனால் சாயக்காரனும், தையற்காரனும், பொற்கொல்லனும் இருந்தார்கள்; கொடுத்த துணி கெட்டுப்போய்த் திரும்பி வந்ததும் உண்டு.

ஒரு வழக்கை வைத்துப் பார்ப்போம்

ஒரு மளிகை வியாபாரி என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வேனில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. பட்டறையில் விட்டார். மெக்கானிக் பிரேக் கட்டைகளை மாற்றிக் கொடுத்தார். நான்காம் நாள் இறக்கத்தில் வரும்போது பிரேக் குழாய் வெடித்து, மிதித்த பிரேக் கீழே போய்விட்டது. டிரைவர் வண்டியை ஓரமாக ஒடித்தார். வேன் ஒரு பழக்கடையில் மோதி நின்றது. அல்லாஹ்வின் அருளால் உயிர்ச்சேதம் இல்லை. கடை உடைந்தது, வேனின் முன்பக்கம் நொறுங்கியது, சரக்குப் பாழாயிற்று.

வியாபாரி பட்டறைக்குப் போய்க் கேட்டார். “பாய், நான் மாற்றியது கட்டை. வெடித்தது குழாய். குழாய் துருப்பிடித்திருக்கிறது, அடுத்த தடவை மாற்ற வேண்டும் என்று உங்கள் டிரைவரிடம் சொல்லித்தான் அனுப்பினேன்” என்றார் மெக்கானிக். டிரைவரை விசாரித்தார்கள். “கணக்கப்பிள்ளையிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன், முதலாளி” என்றார் அவர். கணக்கப்பிள்ளை தலையைச் சொறிந்தார். “இப்போதைக்கு அவசியமானதை மட்டும் பார்க்கச் சொல் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?” என்றார். எல்லாவற்றையும் கேட்ட முதலாளி, டிரைவரின் சம்பளத்தில் மாதாமாதம் ஒரு தொகையைப் பிடித்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார்.

இது கற்பனை வழக்குத்தான். எனினும் இதிலுள்ள ஒவ்வொரு பேச்சையும் நம் கடைவீதிகளில் எங்கேனும் கேட்டிருப்போம். இதில் பொறுப்பாளி யார்? இதற்கு விடை காண மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். கெடுதல் யாருடைய கையால் நேர்ந்தது? அதை முன்கூட்டி அறிந்திருந்தவர் யார்? அறிந்த பின் அதைத் தீர்மானித்தவர் யார்?

கையின் கணக்கு

முதலில் ஓர் எச்சரிக்கை. பழுது பார்த்த பின் கெட்டது என்பதும், பழுது பார்த்ததால் கெட்டது என்பதும் ஒன்றல்ல. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் அது இருக்கலாம். பதினைந்து ஆண்டு ஓடிய வண்டியில் ஆயிரக்கணக்கான உறுப்புகள் தேய்ந்துகொண்டே இருக்கின்றன. ஒன்றை மாற்றிய வாரத்தில் வேறொன்று தன் ஆயுள் முடிந்து உடைவது வியப்பன்று.

அதற்காக, “இது வேறு, அது வேறு” என்று சொல்லும் பட்டறைக்காரரின் பேச்சையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ளவும் முடியாது. டயர் மாற்றிய மறுநாள் சக்கரம் கழன்றால் நட்டை முறுக்கிய கையைத்தான் கேட்க வேண்டும். எண்ணெய் மாற்றிய அன்றே அடிமூடி கழன்று எண்ணெய் முழுதும் ஒழுகி எஞ்சின் இறுகிப்போனால் அங்கே சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. இன்னும் சில, நேரடியாகத் தொட்ட உறுப்பாக இல்லாமல் பக்கத்து உறுப்பாக இருக்கும். எஞ்சினின் டைமிங் பெல்ட்டை மாற்றுகிறவர், அதை இழுத்துப் பிடிக்கும் உருளையைச் சோதிக்காமல் விட்டால், அந்தப் பழைய உருளை இறுகிப் புதுப் பெல்ட்டையும் அறுத்துவிடும். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்த நொடியே வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். உருளையை நான் தொடவேயில்லை என்று மெக்கானிக் சொல்வது உண்மைதான். தொட்டிருக்க வேண்டிய இடத்தைத் தொடாமல் விட்டதே அங்கே அவருடைய குறை.

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். பிறர் பொருளை வைத்திருக்கும் கையை நம் பிக்ஹு அறிஞர்கள் இரு வகையாகப் பிரித்தார்கள். ஒன்று அமானிதக் கை. அது பொருளை நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கிறது; கவனக்குறைவோ அத்துமீறலோ இருந்தாலன்றி ஈடு கொடுக்க வேண்டியதில்லை. மற்றொன்று பொறுப்புக் கை. பொருளுக்குச் சேதம் வந்தால் ஈடு கொடுத்தே தீர வேண்டும். பட்டறையில் விட்ட வண்டி எந்தக் கையில் இருக்கிறது?

இதில் இமாம்கள் ஒரே குரலில் பேசவில்லை. ஊரார் எல்லோருக்கும் பொதுவாக வேலை செய்யும் தொழிலாளி, தன் வேலையினால் பொருளைக் கெடுத்துவிட்டால் ஈடு தர வேண்டும் என்பது ஹனபி மத்ஹபின் தீர்ப்பு. அவன் கைபடாமல் பொருள் அழிந்தால் ஈடு இல்லை என்றார் இமாம் அபூஹனீபா (ரஹ்). அவருடைய மாணவர்களான இமாம் அபூயூசுபும் இமாம் முஹம்மதும் இன்னும் ஒரு படி மேலே சென்று, பெரும் தீவிபத்தைப் போலத் தடுக்கவே இயலாத காரணமாக இருந்தாலன்றி அவனே பொறுப்பு என்றார்கள். உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா என்னும் சட்ட நூல், பொதுத் தொழிலாளி தன் செயலால் விளைந்த சேதத்துக்கு, அத்துமீறினாலும் மீறாவிட்டாலும், ஈடு தர வேண்டும் என்று எழுதிவைத்தது. அந்நூல் மலாயில் பெயர்க்கப்பட்டு நம் ஜொகூர் மாநிலத்திலும் வழங்கியது. நான்காம் கலீபா ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் தொழிலாளிகளை ஈடு கொடுக்கச் செய்ததாகவும், மக்களின் காரியம் இதைக்கொண்டுதான் சீர்படும் என்று காரணம் கூறியதாகவும் அறிவிப்பு உண்டு.

ஷாபிஈ மத்ஹபில் வலுவான கருத்து, தொழிலாளியின் கை அமானிதக் கை என்பதே. அவன் செய்த தவறு நிரூபிக்கப்பட வேண்டும். இங்கே சிந்திக்கத்தக்க ஒரு செய்தி இருக்கிறது. இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் மாணவர் ரபீஉ சொல்கிறார்: தொழிலாளிகள் மீது, தங்கள் கையால் கெடுத்ததைத் தவிர, ஈடு இல்லை என்பதே தம் ஆசிரியரின் கருத்தாம். ஆயினும் அதை அவர் வெளிப்படையாகச் சொல்லாமல் இருந்தாராம். மக்களுடைய பொருள்கள் பாழாகிவிடுமே என்று அஞ்சினாராம்.

அந்த அச்சத்தை எண்ணிப் பாருங்கள். தொழிலாளிக்கு அநியாயம் நேரக்கூடாது என்று அவருடைய நீதி உணர்ச்சி சொன்னது. இந்தத் தீர்ப்பைக் கேட்டு அசட்டையான தொழிலாளி துணிந்துவிடுவானே என்று அவருடைய அனுபவம் சொன்னது. நம் சமூகத்தில் கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் ஷாபிஈகளும் இருக்கிறார்கள். உள்நாட்டு ஊர்களிலிருந்து வந்த ஹனபிகளும் இருக்கிறார்கள். இரு சாராரும் ஒரே சங்கத்தில் அமர்ந்து வழக்குத் தீர்க்கும்போது, இவ்விரண்டு அச்சங்களையும் ஒருங்கே மனத்தில் வைத்தல் நலம். எந்த மத்ஹபின்படி பார்த்தாலும் ஒன்று உறுதி. தன் கையால் கெடுத்ததற்கு அந்தக் கைக்கு உரியவர் பதில் சொல்ல வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு விதியும் உண்டு. மருத்துவம் அறிந்தவர் என்று பெயர் பெறாத ஒருவர் மருத்துவம் செய்து கெடுதல் நேர்ந்தால் அவரே ஈடு தர வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாக அபூதாவூது முதலிய ஹதீது நூல்களில் காண்கிறோம். மனித உடலுக்குச் சொன்ன இந்த நியாயம் மனிதர்களை ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் பொருந்தும். இன்றைய கார்களில் மின்கலமும் கணினியும் புகுந்துவிட்டன. பழைய டீசல் லாரியில் கைதேர்ந்தவருக்கு அவையெல்லாம் தெரியாமல் இருப்பது குற்றமன்று. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிப் பிரித்துப் போடுவதுதான் குற்றம். கூலிக்கு அமர்த்தத் தக்கவரின் இலக்கணமாகத் திருமறை இரண்டு குணங்களைக் காட்டுகிறது: வலிமையும் நம்பகமும். மூஸா (அலை) அவர்களைப் பற்றி அந்தப் பெண்மணி தம் தந்தையிடம் கூறியது அதுவே. திறமையற்ற நல்லவரும் நம்பகமற்ற திறமைசாலியும் அந்த இலக்கணத்தில் பாதியைத்தான் எட்டுகிறார்கள்.

அறிந்தவரின் கணக்கு

இரண்டாவது கேள்வி, அறிந்திருந்தவர் யார் என்பது. மதீனத்துச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட வரலாறு நமக்கெல்லாம் தெரிந்தது. மழை பெய்தது என்று காரணம் சொன்னார் வியாபாரி. மழைக்காக அவரை யாரும் கண்டிக்கவில்லை. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்பதே கேள்வி.

2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெய்த பெருமழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா முதலிய இடங்கள் மூழ்கின. வண்டிகள் கூரை வரை தண்ணீரில் நின்றன. நனைந்த வண்டியின் கேடு வெள்ளம் வடிந்ததும் முடிந்துவிடுவதில்லை. சேறு கலந்த நீர் மின்கம்பிகளின் இணைப்புகளில் தங்கி, மெல்ல மெல்ல அரித்து, பல மாதங்கள் கழித்துக்கூட வண்டியை நிறுத்திவிடும். மெத்தையை மாற்றி, வாசனை அடித்து, பளபளவென்று துடைத்து விற்கப்படும் அத்தகைய வண்டி, உள்ளே ஈரம் மறைந்த தானியக் குவியலே ஆகும். அதைப் பழுது பார்த்த மெக்கானிக் அறிவார். விற்ற தரகர் அறிவார். வாங்கியவர் அறியார். அப்படிப்பட்ட வண்டி பின்னர் நடுவழியில் நின்றால், அறிந்தும் வாய் திறவாதவர்களே பொறுப்பாளிகள்.

பட்டறைக்காரருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. கட்டையை மாற்றக் கழற்றும்போது குழாயின் துரு கண்ணில் பட்டுவிட்டது. அந்தக் கணமே அவர் சாதாரணக் கூலியாள் என்ற நிலையிலிருந்து விஷயம் அறிந்தவர் என்ற நிலைக்கு வந்துவிட்டார். தான் மாற்ற ஒப்புக்கொண்டது கட்டையை மட்டுமே என்பது கூலிக் கணக்குக்குச் சரி. வாயை மூடிக்கொள்ள அது காரணமாகாது. சொல்வதும் ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். தீர்மானிக்கும் அதிகாரமில்லாத டிரைவரிடம், பில் நீட்டும் அவசரத்தில், அடுத்த தடவை பார்க்கலாம் என்ற தொனியில் சொன்னது, சொன்னதாக ஆகுமா? உயிர் போகக்கூடிய விஷயமானால் முதலாளியைத் தொலைபேசியில் அழைத்து, இந்த வண்டியை இப்படியே ஓட்டாதீர்கள் என்று சொல்வதல்லவா சொல்வது?

தீர்மானித்தவரின் கணக்கு

மூன்றாவது கேள்வி நம்மை நோக்கி வருகிறது. வண்டிக்காரர்களாகிய நாம், பட்டறை வாசலில் நின்று அன்றாடம் என்ன பேசுகிறோம்? “அசல் சாமான் வேண்டாம், மலிவாகப் போடு.” “ஹாஃப்கட் கடையில் ஏதாவது கிடைக்கும், பார்.” “இன்றைக்கே வேண்டும், சாயங்காலம் சரக்கு ஏற்றணும்.” இப்படிச் சொல்லிவிட்டு, மலிவுச் சாமான் சீக்கிரம் உடைந்ததும், அவசரத்தில் செய்த வேலை அவிழ்ந்ததும், மெக்கானிக்கின் சட்டையைப் பிடிக்கிறோம். மலிவின் லாபத்தை நாம் எடுத்துக்கொண்டோம். அதனால் வந்த நஷ்டம் மட்டும் எப்படி அவருடையதாகும்? ஆதாயம் எவருக்கோ பொறுப்பும் அவருக்கே என்ற கருத்துப்பட நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருப்பதை வியாபாரிகளாகிய நாம் நன்கு அறிவோம்.

பழைய சாமான் வாங்குவது குற்றமன்று. ஜப்பானிலிருந்து வெட்டி வரும் எஞ்சினும் கியர்பெட்டியும் எத்தனையோ வண்டிகளுக்கு மறுவாழ்வு தந்திருக்கின்றன. பழையது என்று அறிந்து, அதன் ஆயுளுக்கு உத்தரவாதம் இல்லை என்று ஒப்புக்கொண்டு வாங்கியவர், அந்த ஒப்புதலுக்குக் கட்டுப்பட்டவர் என்பதே விஷயம்.

வண்டிக்காரருக்கு மட்டுமே தெரிந்த உண்மைகளும் சில இருக்கின்றன. இங்கிலாந்தில் 1969ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கு இதற்குப் பொருத்தமானது. ஒரு லாரியின் பிரேக் எண்ணெய்க் குழாய், வெளியே கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் அரித்துப்போய், இறக்கத்தில் உடைந்தது. ஒருவர் உயிரிழந்தார். குழாயைக் கழற்றினாலன்றி அந்த அரிப்பைக் கண்டிருக்க முடியாது. வழக்கமான சோதனைகளை நாங்கள் செய்தே வந்தோம் என்றார்கள் லாரிக்காரர்கள். அது போதாது என்றது சபை. அந்த லாரி முன்பு என்னென்ன சுமந்தது, அரிக்கும் பொருள் எதுவும் அதில் ஏறியதா என்பதை அறிந்தவர்கள் நீங்கள்தாம்; அப்படி விசேஷமாக எதுவும் நேரவில்லை என்று நீங்கள்தாம் காட்டியிருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. உப்பும், கருவாடும், மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் நம் லாரிகளின் அடிப்பாகத்தை என்ன செய்யும் என்பதை நாம் அறிவோம். இந்த வண்டி மீன் ஏற்றும் வண்டி, அடிக்குழாய்களைக் கழற்றிப் பார் என்று நாம் சொல்லாவிட்டால் மெக்கானிக்குக் கனவிலா தெரியும்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே இங்கிலாந்தில் 1939ஆம் ஆண்டு, ஸ்டென்னட் என்ற பெண்மணியின் வழக்கு. லாரிச் சக்கரத்தின் வளையம் ஒன்று கழன்றதால் அதன் உரிமையாளர் பட்டறையில் கொடுத்துப் பொருத்தி வாங்கினார். சாலைக்கு வந்த சிறிது நேரத்துக்குள் அது மறுபடியும் கழன்று, நடைபாதையில் ஏறி அப்பெண்மணியின் காலில் அடித்தது. தகுதியுள்ள பட்டறையிடம் ஒப்படைத்துவிட்ட உரிமையாளர் மீது குற்றமில்லை என்றும், அசட்டையாகப் பொருத்திய பட்டறைக்காரரே பொறுப்பு என்றும் நீதிமன்றம் தீர்த்தது. அப்பெண்மணிக்கும் பட்டறைக்கும் இடையே எந்த ஒப்பந்தமும் இல்லை. ஆனாலும் சாலையில் நடப்பவரின் காலுக்குப் பட்டறையில் நட்டு முறுக்குகிறவர் பதில் சொல்ல வேண்டியவர். ஆகவே தகுதியுள்ளவரைத் தேடிக் கொடுத்து, தெரிந்ததையெல்லாம் சொல்லி, அவர் கேட்ட வேலைக்கு அனுமதியும் கொடுத்த வண்டிக்காரர், நிம்மதியாக உறங்கலாம்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

இனி அந்த டிரைவரின் சம்பளத்துக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

நம்மிடம் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர், ஊரார் எல்லோருக்கும் வேலை செய்யும் பட்டறைக்காரரைப் போன்றவர் அல்லர். அவர் ஒருவருக்கே உரிய வேலையாள். அவருடைய கை அமானிதக் கை என்பதில் ஹனபி, ஷாபிஈ என்ற வேற்றுமை இல்லை. அத்துமீறலோ அசட்டையோ இல்லாதபோது அவரிடம் ஈடு வாங்க இடமில்லை. பிரேக் குழாய் தானே வெடித்ததற்கு அவர் என்ன செய்வார்? கேட்டதை வந்து சொன்னார். வண்டியை மனிதர்கள் மீது விடாமல் ஓரமாக ஒடித்தார். அதற்கு நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் அபராதம் போடுகிறோம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுவன்றோ? பட்டறைக்காரர் பதிலுக்குப் பதில் பேசுவார். சாமான் கடைக்காரர் பில்லைக் காட்டுவார். ஊரில் குடும்பத்தை விட்டுவந்து நம் கடை மாடியில் படுத்துறங்கும் டிரைவர் பேசமாட்டார். பேசாதவரிடம் வசூல் செய்வது சுலபம் என்பதற்காக அது நியாயமாகிவிடாது.

நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து எவற்றைப் பிடிக்கலாம் என்பதை 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டமே வரையறுத்திருக்கிறது. முதலாளி தம் மனம்போல் போட்ட நஷ்டக் கணக்கு அதில் சேராது. கூலியாளை வேலை வாங்கிவிட்டுக் கூலியைக் கொடுக்காதவருக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற நபிமொழியை நினைத்தால், சட்டப் புத்தகம் பார்க்காமலே கை நடுங்க வேண்டும்.

தீர்ப்பு

நம் கற்பனை வழக்கை இப்போது தீர்க்கலாம். முதல் உரிமை பழக்கடைக்காரருக்கு. நமக்குள் உள்ள கணக்குத் தீரும் வரை அவரைக் காக்க வைப்பது அநீதி. வேன் முதலாளி முதலில் அவர் கடையைச் சீர்செய்து கொடுக்க வேண்டும். பிறகு மற்றவர்களிடம் பேசட்டும். கட்டை மாற்றிய வேலையில் குறையில்லை என்றால் அதற்கு வாங்கிய கூலி மெக்கானிக்குக்கு ஹலால். துருவைக் கண்டும் அழுத்திச் சொல்லாமல் வண்டியை வெளியே விட்ட அளவுக்கு அவருக்கும் இதில் பங்குண்டு. கணக்கப்பிள்ளை கேட்ட செய்தியை முதலாளிக்கு எட்டவைக்காதது கடையின் உள்குறை. அது முதலாளியின் கணக்கிலேயே சேரும். அவசியமானதை மட்டும் பார் என்று சொன்னவரும் அவரே. ஆகப் பெரும் பங்கு அவருடையது. டிரைவரின் பங்கு எதுவுமில்லை. பிடித்த சம்பளம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இந்தத் தீர்ப்புச் சிலருக்குக் கசக்கலாம். பணம் கொடுத்தவருக்கே நஷ்டமா என்று கேட்கலாம். பணம் கொடுத்ததால் உரிமை வருகிறது. தீர்மானிக்கும் அதிகாரமும் வருகிறது. அதிகாரத்தை வைத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் கீழே தள்ளிவிட நம் மார்க்கத்தில் வழியில்லை.

எல்லா வழக்கும் இப்படித் தெளிவாகத் தீராது. யார் கைக்குற்றம் என்று நிரூபிக்கவே முடியாதவையும் உண்டு. உரிமை கோருபவர் சாட்சி கொண்டு வர வேண்டும், மறுப்பவர் சத்தியம் செய்ய வேண்டும் என்பது நம் சட்டத்தின் அடிப்படை. சத்தியம் வரை போகாமல் சமாதானத்தில் முடிப்பது இன்னும் சிறந்தது. ஹராமை ஹலாலாக்காத எந்தச் சமாதானமும் முஸ்லிம்களிடையே செல்லும். சாமான் செலவு உங்களுடையது, கூலி என்னுடையது என்று இருவரும் பகிர்ந்துகொண்டால் வண்டியும் ஓடும், பழக்கமும் நிற்கும்.

அதைவிட நல்லது, வழக்கே எழாமல் பார்த்துக்கொள்வது. கடன் கொடுக்கும்போது எழுதிக்கொள்ளுங்கள் என்று திருமறையின் மிக நீண்ட வசனம் கட்டளையிடுகிறது. பட்டறையிலும் அதே ஒழுங்கைக் கடைப்பிடிப்போம். என்ன வேலை, என்ன சாமான், புதிதா பழையதா, எத்தனை நாள் உத்தரவாதம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடட்டும். கண்ட குறைகளையும், வண்டிக்காரர் வேண்டாம் என்று விட்டவற்றையும் அதே தாளில் குறிக்கட்டும். கழற்றிய பழைய உறுப்பைப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுக்கட்டும். வண்டியை ஒப்படைக்குமுன் இருவரும் சேர்ந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கட்டும். சக்கரம் கழற்றி மாட்டிய வண்டியானால் சிறிது தூரம் ஓடிய பின் நட்டுகளை மறுபடி முறுக்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பட்டும். இவற்றுக்கெல்லாம் ஆகும் நேரம் அரைமணிக்கு மேல் இராது.

வீட்டுக் கார் விஷயத்தில் பேச்சு முற்றிவிட்டால் நாட்டில் அதற்கும் வழியிருக்கிறது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், செய்து கொடுக்கும் சேவை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் இருக்க வேண்டும் என்று உத்தரவாதம் விதிக்கிறது. சுவரில் “நாங்கள் பொறுப்பல்ல” என்று பலகை மாட்டிவிட்டதால் அந்த உத்தரவாதம் அழிந்துவிடாது. அச்சட்டத்தின்கீழ் உள்ள நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம். கோரக்கூடிய தொகை 2019ஆம் ஆண்டு முதல் 50,000 ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டிருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். அந்தச் சட்டம் சொந்த உபயோகத்தையும் வீட்டு உபயோகத்தையும் மனத்தில் கொண்டு இயற்றப்பட்டது. வியாபார லாரிகளுக்கு, நாம் எழுதிவைத்த தாளே முதல் பாதுகாப்பு.

நடுவர் மன்றத்துக்கு மூன்றாண்டுக் கெடு உண்டு. மறுமையின் விசாரணைக்குக் கெடு கிடையாது. அங்கே கையும் சாட்சி சொல்லும். அறிந்தும் சொல்லாமல் விட்ட நாவும் சாட்சி சொல்லும். நட்டை முறுக்கும் கைக்கு நேர்மையையும், கூலி கொடுக்கும் கைக்குத் தாராளத்தையும், வழக்குத் தீர்க்கும் பெரியோர்களுக்கு நடுநிலையையும் வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.